சிதறிய வீடுகள், ஒரே கூரை: நமது தெம்பனிஸ் நடுவம் குறித்த நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் கிழக்கே உள்ள தெம்பனிஸில் ஒருவர் தன் முகவரியைச் சொன்னால் போதும், அவர் வீட்டைச் சுற்றி என்னென்ன இருக்கும் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஸ்திரீட் 11, 12 என்றால் முதல் பேட்டை. ஸ்திரீட் 21, 22 இரண்டாவது. ஸ்திரீட் 81 தொடங்கி வருபவை எட்டாவது. புளோக் எண்ணின் முதல் இலக்கமும் இதே கணக்கில்தான் போகும். ஒவ்வொரு பேட்டைக்கும் சில ஆயிரம் வீடுகள். நடந்து போகும் தூரத்தில் காப்பிக் கடை, மளிகைக் கடை, மருந்தகம், தொடக்கப்பள்ளி. பேட்டைக்குள் 400 முதல் 800 வீடுகள் வரை சேர்ந்த புளோக் தொகுப்புகள். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு விளையாட்டிடம், உட்கார்ந்து பேச ஒரு கூடம். எல்லாவற்றுக்கும் நடுவே நகர மையம்: எம்ஆர்டி ரயில் நிலையம், பேருந்து முனையம், கடைத்தொகுதிகள், அப்புறம் நகர் முழுவதும் பங்குபோட்டுக்கொள்ளும் பெரிய வசதிகள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1980களில் பெரும்பகுதியைக் கட்டிய நகர் இது. 1992-இல் உலக வசிப்பிட விருது கிடைத்தது. இன்று இங்கே வசிப்பவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். வேறு நாடாக இருந்தால் இதற்கென ஒரு மேயரும் நகராட்சியும் இருந்திருக்கும். சிங்கப்பூர் ஒரே நகரம் என்று பேசிக்கொண்டாலும், வீவக நகர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு நகரத்தின் தேவைகளோடுதான் வாழ்கின்றன. நூலகம், நீச்சல் குளம், அரங்கம், வகுப்பறை, சமூக மன்றம் எதை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு நகரிலும் தனியாகத் தீர்க்க வேண்டிய கணக்கு.

அந்தக் கணக்கைத் தெம்பனிஸ் ஒரே கட்டடத்தில் தீர்க்கப் பார்த்தது. 2016 நவம்பரில் பகுதி பகுதியாகத் திறக்கத் தொடங்கி, 2017 ஆகஸ்ட் 6-இல் அன்றைய பிரதமர் லீ சியென் லூங் அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்த நமது தெம்பனிஸ் நடுவத்தை (Our Tampines Hub) பற்றியது இந்த ஆய்வு. கட்டடத்தைப் புகழ்ந்து ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்புவது வேறு: நகரெங்கும் தூவினாற்போல் சிதறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படி ஒரு மையக் கட்டடம் என்ன செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதை.

முன்பு எப்படி இருந்தது

மக்கள் கழகம் 1960 ஜூலை 1-இல் உருவானது. அதே ஆண்டு பிப்ரவரியில் வீவக. இரண்டும் பிறந்த ஆண்டு ஒன்றானாலும் வேலை வேறு. வீவக வீட்டைக் கட்டும். மக்கள் கழகம் சமூக மன்றத்தை நடத்தும். நூலகம் இன்னோர் அமைப்பு, விளையாட்டு மற்றோர் அமைப்பு, பள்ளி கல்வி அமைச்சு. ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனி வேலி, தனி வரவுசெலவு, தனி வாகன நிறுத்துமிடம்.

ஆரம்ப காலத்தில் ஏதாவது ஒரு தேசிய நிகழ்வை ஒட்டி வசதிகள் வந்ததும் உண்டு. தோ பாயோ நகர் நல்ல உதாரணம். 1973-இல் சிங்கப்பூர் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளை நடத்தியபோது வீரர்கள் தங்கியது தோ பாயோவின் புதிய அடுக்குமாடிகளில். விளையாட்டுச் செயலகமாக இயங்கிய கட்டடம் மறு ஆண்டே பொது நூலகமாகத் திறந்தது. செலவை ஒரு தடவை செய்து பயனை இரண்டு தடவை எடுக்கும் பழக்கம் நமக்கு அன்றே இருந்திருக்கிறது.

தெம்பனிஸுக்கு நூலக வரலாற்றிலும் தனி இடம் உண்டு. நாட்டின் முதல் வட்டார நூலகம் 1994 டிசம்பரில் இங்கேதான் திறந்தது. ஆனால் அது ஒரு மூலை, விளையாட்டரங்கம் இன்னொரு மூலை. அப்பாவுக்குப் பந்து, பிள்ளைக்குப் புத்தகம், அம்மாவுக்குக் காய்கறி என்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பயணம். நகர விளையாட்டரங்கம் ஆட்டம் இருக்கும் நாளில் மட்டும் நிரம்பும். மற்ற நாள்களில் அவ்வளவு பெரிய நிலம் சும்மா வெயில் காயும். நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். விமான நிலையம், துறைமுகம், ராணுவப் பயிற்சி நிலம், நீர்த்தேக்கம் எல்லாம் அதற்குள். அந்த அளவில் இது பெரிய ஊதாரித்தனம்.

என்ன கட்டினார்கள்

பழைய அரங்கம் இருந்த இடத்தில், ஏறக்குறைய 5.7 ஹெக்டர் நிலத்தில் நடுவம் எழுந்தது. கிட்டத்தட்ட எட்டுக் கால்பந்துத் திடல்களை ஒட்டிவைத்தால் வரும் பரப்பு. சுமார் 500 மில்லியன் வெள்ளி செலவு. நடுவில் 5,000 இருக்கைகள் சூழ்ந்த கால்பந்துத் திடல். சுற்றிலும் ஐந்து தளங்களில் வட்டார நூலகம், ஆறு நீச்சல் குளங்கள், உள்ளரங்க விளையாட்டுக்கூடம், 20 தட பௌலிங், சுமார் 400 பேர் அமரும் கலையரங்கம், 24 மணி நேர உணவங்காடி நிலையம், குடும்ப மருந்தகம், கடைகள், அரசாங்கச் சேவைகளுக்கான ஒரே முகப்பு, மேலே மெதுவோட்டப் பாதையும் சமூகத் தோட்டமும். உணவங்காடியில் மிஞ்சும் உணவுக் கழிவைப் பதப்படுத்தி உரமாக்கித் தோட்டத்துக்கே போடும் இயந்திரமும் உண்டு. திட்டமிடும் காலத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

இந்தப் பட்டியல் வியப்பைத் தரலாம். எனக்கு வியப்பைத் தருவது அடுக்கிய விதம். தண்ணீர் எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஒரு சாதாரணக் குளத்தைக் கணக்கிட்டாலே 1,500 டன். அதைத் தரையில் தோண்டாமல் மாடியில் ஏற்றினால் கீழே இருக்கும் ஒவ்வொரு தூணும் அதற்காகத் தடிக்க வேண்டும். ஆனால் கீழ்த்தளத்தில் பூப்பந்து ஆடுகிறவருக்குக் கூடத்தின் நடுவே தூண் இருக்கக் கூடாது. பந்து தரையில் மோதும் சத்தம் பக்கத்துச் சுவரைத் தாண்டி நூலகத்துக்குப் போகக் கூடாது. நூலகம் இரவில் மூடும், உணவங்காடி மூடாது. ஆகவே மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே பூட்டுப் போட முடியாது, ஒவ்வொரு பகுதியும் தனியாகப் பூட்டும்படி நடைவழிகளைப் பிரிக்க வேண்டும். தரையில் பக்கம் பக்கமாக இருந்தபோது யாருக்கும் வராத தலைவலிகள் இவை. நிலத்தை மிச்சம் பிடித்தால் அந்தச் செலவு இரும்பிலும் கான்கிரீட்டிலும் ஒலித்தடுப்பிலும் வந்து நிற்கும். மாடியில் அடுக்குவது மலிவு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

சாவி யார் கையில்

கட்டடக் கலையைவிடக் கடினமானது இதுதான். நடுவத்தில் 12 அமைப்புகள் சேர்ந்தன. மக்கள் கழகம் தலைமை. அதோடு ஸ்போர்ட் சிங்கப்பூர், தேசிய நூலக வாரியம், தேசியச் சுற்றுப்புற வாரியம், வீவக, நிலப் போக்குவரத்து ஆணையம் என்று வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் அளவுகோல்: இத்தனை பேருக்கு ஒரு குளம், இத்தனை பேருக்கு ஒரு நூலகம். ஒவ்வொன்றின் வரவுசெலவும் ஒவ்வோர் ஆண்டில் கனியும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே நிலத்துக்கு வந்து சேர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும், யாராவது ஒருவர் தன் தனிக் கட்டட ஆசையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் பன்னிரண்டு சம்பந்திகள் இருந்தால் பந்தி யார் பரிமாறுவது என்ற கதைதான். இங்கே ஒருவர் பொறுப்பேற்றார், மற்றவர்கள் பங்கு போட்டார்கள். துப்புரவு, பாதுகாவல், குளிரூட்டல், வாகன நிறுத்துமிடம், கழிவறை எல்லாம் பொது. அரசாங்க அலுவல்களுக்கான முகப்பில் இருப்பவருக்குப் பல அமைப்புகளின் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு முதியவரை "இது எங்கள் வேலையில்லை, அங்கே போங்கள்" என்று அலைக்கழிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. மின்னிலக்கச் சேவைகள் பெருகப் பெருக இந்த முகப்பின் மதிப்பு கூடியிருக்கிறது என்றுதான் சொல்வேன். கைப்பேசியில் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியைத் திறக்கத் தெரியாதவருக்குத் தேவை இன்னொரு செயலி இல்லை, எதிரே ஒரு மனிதர்.

இதே இடத்தில் ஒரு குறையும் உண்டு. ஒரே நிர்வாகம் என்றால் ஒரே விதிமுறை. உணவங்காடிகளைச் சமூக நிறுவனங்களிடம் ஒப்படைத்து நடத்தும் முறை பற்றி 2018-இல் நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. கடைக்காரர்களின் ஒப்பந்த நிபந்தனைகள், வாடகைக்கு மேல் வரும் கட்டணங்கள், திறந்திருக்க வேண்டிய நேரம் எல்லாம் பேசுபொருளாயின. 24 மணி நேர உணவங்காடி என்பது குடியிருப்பாளருக்கு இனிக்கும். இரவு மூன்று மணிக்கு அடுப்படியில் நிற்க ஆள் தேடும் கடைக்காரருக்கு அப்படி இனிக்க வேண்டும் என்பதில்லை. வசதியைத் திட்டமிடுகிறவர்கள் அந்த வசதியைச் சுமக்கிறவரின் மணிக்கணக்கையும் தாளில் எழுத வேண்டும்.

தமிழர் கணக்கு

சரி, இனி என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன்.

ஒவ்வோர் இனத்தவரும் வீவக வீடுகளில் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்கான வரம்பு 2010-இல் உயர்ந்த பிறகு, ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. இந்தக் கொள்கையின் நன்மை தீமை பற்றிப் பேச இது இடமில்லை. திட்டமிடலில் அதன் விளைவு ஒன்றுதான்: எந்த வீவக நகரிலும் தமிழர் பேட்டை என்று ஒன்று இருக்காது. எல்லோரும் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இதை வைத்துத் தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். 600 வீடுகள் கொண்ட ஒரு புளோக் தொகுப்பில் தமிழ் பேசும் வீடுகள் பதினைந்து வரலாம். அந்தப் பதினைந்தில் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தால் அதிகம். தமிழில் கதை சொல்லும் நேரம் ஒன்று நடத்த அது போதாது. ஒரு முழுப் பேட்டையை எடுத்தாலும் வாரந்தோறும் நடக்கும் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தெம்பனிஸ் முழுவதையும் எடுத்தால்? ஆறாயிரம் பேருக்கும் மேல். அங்கே ஒரு பட்டிமன்றம் நடத்தலாம், சிறுவர் நாடகம் போடலாம், பொங்கல் விழாவுக்குக் கூட்டம் சேர்க்கலாம், நூலகத்தில் தமிழ் அடுக்கு ஒன்றை உயிரோடு வைத்திருக்கலாம்.

ஆக, பெரும்பான்மை மொழிக்காரருக்கு நடுவம் என்பது கூடுதல் வசதி. சிதறி வாழும் சிறு மொழிக் குழுவுக்கோ கூட்டம் என்ற ஒன்று உருவாவதே அந்த அளவில்தான். ஒரு தலைக்கு இவ்வளவு என்று பங்கிடும் அளவுகோலில் இது தெரியவே தெரியாது. சமூக மன்றங்களில் இயங்கும் இந்திய நற்பணிச் செயற்குழுக்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். பேட்டை மன்றத்தில் நடத்தினால் முதல் மூன்று வரிசை மட்டும் நிரம்பும் நிகழ்ச்சி, நகர மையத்தில் நடத்தினால் பின்னால் நிற்க ஆள் வரும். அதோடு இன்னொன்று: நடுவத்தின் திறந்தவெளியில் பறையோ தவிலோ ஒலித்தால், நூலகத்துக்கு வந்த சீனப் பிள்ளையும் உணவங்காடிக்கு வந்த மலாய்க்காரப் பெரியவரும் நின்று பார்க்கிறார்கள். மூடிய மண்டபத்தில் அழைப்பிதழ் வாங்கியவர் மட்டும்தான் பார்ப்பார்.

கல்வியிலும் இதே வேலைதான் வேறு வடிவில் நடக்கிறது. தமிழ் மாணவர் எண்ணிக்கை குறைந்த உயர்நிலைப் பள்ளிகளுக்காக உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் பீட்டி சாலையில் இயங்குகிறது. சிதறியவர்களை ஒரே இடத்துக்கு வரவழைக்கும் முறை. சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் அதற்கு நேர்மாறு. 1991-இல் தொடங்கிய அந்த அமைப்பு, தனக்கென்று தீவெங்கும் கட்டடம் கட்டிக்கொள்ளாமல், ஆங்காங்கே உள்ள பள்ளிகளின் வகுப்பறைகளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு துணைப்பாட வகுப்புக்குப் பயன்படுத்துகிறது. பள்ளித் திடல்களையும் உள்ளரங்குகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் இரட்டைப் பயன்பாட்டுத் திட்டமும் இந்த வகைதான். செங்கல் ஒன்றுகூடப் புதிதாக வைக்காமல் நேரத்தை மட்டும் பங்கு போட்டு வசதியை உருவாக்கும் வழி. என்னைக் கேட்டால் நடுவத்துக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பக்கத்தில் நின்று பார்த்தது

ஆட்டம் நடக்கும் ஒரு மாலையில் நடுவத்தின் மேல்தள நடைவழிக்குப் போய்ப் பாருங்கள். கீழே திடலில் தெம்பனிஸ் ரோவர்ஸ் கால்பந்துக் குழு ஆடுகிறது. டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கைகளில். வாங்காதவர்கள் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு. கையில் நூலகப் பையோடு ஒரு சிறுவன், நீச்சல் முடித்து ஈரத் தலையோடு இரண்டு பெண்பிள்ளைகள், தள்ளுவண்டியில் பேரனை வைத்துக்கொண்டு ஒரு தாத்தா. ஒருமுறை புதிதாக வந்த ஒரு தமிழ்த் தம்பி, கட்டுமானத் தொழிலாளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் நின்ற பெரியவரிடம் "அங்கிள், இங்க நின்னு பார்க்க டிக்கெட் வேணுமா?" என்று தயங்கிக் கேட்டார். "வேணாம் லா, சும்மா பாருங்க தம்பி" என்றார் அவர். அப்புறம் இருவரும் எந்த அணி என்ன என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நடுவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நடைவழி. பதிவு இல்லை, கட்டணம் இல்லை, வயது வரம்பு இல்லை. அறைகளுக்கு எல்லாம் பெயரும் எண்ணும் இருக்கின்றன. மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பதோ எண்ணில்லாத இந்த இடங்களில். வரைபடத்தில் இதைப் போக்குவரத்துப் பரப்பு என்று கணக்கெழுதுவார்கள், செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கத்தரிப்பதும் இதைத்தான். தெம்பனிஸில் கத்தரிக்காமல் விட்டது புண்ணியம்.

அறைகளின் கதை வேறு. பூப்பந்துக் கோர்ட் கிடைப்பது குதிரைக் கொம்பு. கைப்பேசிச் செயலியில் விரல் வேகமாக ஓடுகிறவருக்கு ஒரு நியாயம், ஓடாதவருக்கு ஒரு நியாயம். எங்கள் வாசகர் வட்டம் ஒரு மன்றத்தில் மாதம் ஒரு மாலை அறை கேட்டபோது, முன்கூட்டியே பல மாதங்களுக்குப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை வேண்டும் என்றார்கள். வருவது பன்னிரண்டு பேர், மழை பெய்தால் ஏழு. கடைசியில் காப்பிக் கடையில் இரண்டு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்தினோம். தே தாரிக் நன்றாக இருந்தது என்பதால் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் சிறு கூட்டத்துக்குச் சிறு அறை, அதுவும் எளிதில் கிடைக்கும் அறை, என்பது இவ்வளவு பெரிய ஏற்பாடுகளுக்கு நடுவே இன்னும் சிக்கலாக இருப்பது விசித்திரம்.

தூரம் என்னும் கணக்கு

நடுவம் திறந்த அதே ஆண்டு, 2017 அக்டோபர் 21-இல், டௌன்டவுன் தடத்தின் மூன்றாம் கட்டம் திறந்து தெம்பனிஸ் வெஸ்ட், தெம்பனிஸ் ஈஸ்ட் நிலையங்கள் வந்தன. 1989 முதல் இருந்த கிழக்கு மேற்குத் தட நிலையத்தோடு சேர்த்தால் நகரின் பெரும்பகுதியிலிருந்து மையத்துக்கு வருவது எளிதானது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் குறைவில்லை; நடைபாதையில் சைக்கிள் ஓட்ட 2010-இல் சட்டபூர்வமாக அனுமதி கிடைத்த முதல் நகர் தெம்பனிஸ்தான்.

ஆனால் எண்பது வயதுப் பாட்டிக்கு எம்ஆர்டி ஒரு நிலையம் என்பதும் பத்து நிலையம் என்பதும் ஒன்றுதான். மின்தூக்கியில் இறங்கி, கூரையுள்ள நடைபாதையில் போய், சாலையைக் கடந்து, பேருந்துக்குக் காத்திருந்து, கூட்டத்தில் இடம் பிடித்து. வாரம் ஒருமுறை மகள் கூட்டிப் போனால் போவார். தினமும் போவது புளோக் கீழ்த்தளத்துக்கு மட்டும். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிர் வீட்டு மலாய் மக்சியோடும் மேல்மாடிச் சீன ஆண்ட்டியோடும் பாதிச் சைகையும் பாதி மலாயுமாகப் பேசுவார். அந்தக் கீழ்த்தளம் கட்டடத் திட்டத்தில் வெறும் காலி இடம். மலாய்த் திருமணமும் சீன இறுதிச் சடங்கும் தீபாவளிக் கோலமும் மாறி மாறி இடம்பிடிக்கும் காலி இடம். இப்போது அதில் பாலர் பள்ளி, முதியோர் நிலையம், சைக்கிள் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாக வந்து நிரம்பிக்கொண்டிருக்கிறது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் காலி இடம் குறைந்துகொண்டே போவதை யாரும் இழப்பாக எழுதிவைப்பதில்லை.

தெம்பனிஸ் இந்த விஷயத்தில் ஒன்றைச் சரியாகச் செய்தது. நடுவம் வந்தது என்பதற்காகத் தெம்பனிஸ் ஈஸ்ட், வெஸ்ட், நார்த், சங்காட் சமூக மன்றங்களை மூடிவிடவில்லை. கூட்டத்துக்கு நடுவம், அன்றாடத்துக்குப் பேட்டை மன்றம் என்று இரண்டும் நிற்கின்றன. நடுவத்தின் வெற்றிக்கு இது பாதிக் காரணம் என்பது என் கருத்து. நடுவத்தை மட்டும் நகலெடுத்து, சிறு மன்றங்களை இணைத்து ஒழித்துவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று வேறொரு நகர் நினைத்தால் கிடைப்பது பெரிய கட்டடமும் வெறிச்சோடிய பேட்டைகளும்தான்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவிப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பழைய அரங்கம் போன பிறகு நடுவம் திறக்கும்வரை தெம்பனிஸ் ரோவர்ஸ் தன் சொந்த ஆட்டங்களைக் கிளமெண்டியிலும் ஜூரோங் வெஸ்ட்டிலும் ஆட வேண்டியிருந்தது. தீவின் கிழக்குக் கோடிக் குழுவுக்கு மேற்குக் கோடியில் சொந்த மைதானம்! குழுவாவது பேருந்து வைத்துப் போய்விடும். ரசிகர்களில் எத்தனை பேர் வேலை நாள் இரவில் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள்? எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால், பிற்பாடு புதுப்பிக்கும்போதும் எல்லாம் சேர்ந்தே முடங்கும் அபாயம் உண்டு.

மற்ற இரண்டு வழிகள்

உட்லண்ட்ஸில் 2018 மே மாதம் அதிகாரபூர்வமாகத் திறந்த கம்போங் அட்மிரல்டி இதே சிந்தனையின் சிறிய வடிவம். 0.9 ஹெக்டர் நிலம், 11 மாடி, 104 முதியோர் வீடுகள், கீழே உணவங்காடி, நடுவே மருத்துவ நிலையம், மேலே பாலர் பள்ளியும் முதியோர் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில், உச்சியில் தோட்டம். எம்ஆர்டி வாசலில். அந்த ஆண்டே உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதை உலகக் கட்டடக்கலை விழாவில் வாங்கியது. அளவில் தெம்பனிஸ் நடுவத்தின் ஆறில் ஒரு பங்கு நிலம்கூட இல்லை. ஆனால் அங்கே வசதியைப் பயன்படுத்துகிறவரே மேல்மாடியில் குடியிருக்கிறார். பாட்டியின் தூரக் கணக்கை மின்தூக்கியே தீர்த்துவிடுகிறது. கூட்டம் சேர்க்கும் வேலைக்கு அது போதாது. ஒரு தமிழ் நாடகத்துக்கான ஆட்களை அங்கிருந்து மட்டும் திரட்ட முடியாது. இரண்டையும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை. வேலை வேறு, அளவு வேறு.

பொங்கோலின் ஒன் பொங்கோலும் செம்பவாங்கின் புக்கிட் கென்பராவும் நடுவத்துக்குப் பின் வந்தவை. புக்கிட் கென்பரா சுமார் 12 ஹெக்டர், மரங்களுக்கு நடுவே பரந்து கிடப்பது, பழைய அட்மிரல்டி மாளிகையைத் தன்னுள் வைத்திருப்பது. நிலம் தாராளமாக இருந்தால் அடுக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது. அந்தத் தாராளம் எல்லா நகருக்கும் வாய்க்காது.

அடுத்தது தோ பாயோ

1973-இல் விளையாட்டுக்காகக் கிடைத்த வசதிகளை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டு ஓட்டிய தோ பாயோவில் இப்போது விளையாட்டு நிலையம், பலதுறை மருந்தகம், வட்டார நூலகம், பூங்கா எல்லாவற்றையும் சேர்த்த ஒருங்கிணைந்த வளாகம் வரப்போகிறது. 2030 வாக்கில் முடியும் என்பது திட்டம். தெம்பனிஸ் குடும்பங்கள் நிறைந்த நகராக இருந்தபோது நடுவம் வந்தது; தோ பாயோவோ முதியோர் நிறைந்த நகர். அங்கே வளாகம் எழும் ஆண்டுகளில் பழைய குளத்துக்கும் அரங்கத்துக்கும் பழகியவர்கள் எங்கே போவார்கள், பேட்டைக்குள் இருக்கும் சிறு மன்றங்கள் நிற்குமா, பன்னிரண்டு பேர் கூடும் ஒரு வட்டத்துக்கு மாதம் ஒரு மாலை அறை கிடைக்குமா, பதிவு இல்லாமல் சாய்ந்து நிற்க எத்தனை மீட்டர் தடுப்புக் கம்பி இருக்கும் என்று கருத்துக் கேட்கும் கூட்டங்களில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். அந்தக் கூட்டங்களுக்குத் தோ பாயோத் தமிழர்கள் நாலு பேராவது போனால் நல்லது. வரைபடத்தில் கோடு உறுதியாவதற்கு முன்பு கேட்டால்தான் ஒரு சுவரையாவது நகர்த்துவார்கள்.